ஊமைக்காயம் ஆற எத்தனை நாள்? கர்ப்பிணிகள் கேட்பதும் மற்றவர்கள் கேட்பதும்

வழுக்கி விழுந்தோ, எதிலாவது இடித்துக்கொண்டோ, வண்டியிலிருந்து சரிந்தோ வருகிறவர்கள் கட்டுப் போடும் அறையில் முதலில் கேட்பது இதுதான்: “ரத்தம் வரலையே சிஸ்டர், உள்காயம் ஏதாச்சும் இருக்குமா?” அடுத்தது, “ஆற எத்தனை நாள் ஆகும்?” வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மருத்துவரைப் பார்க்காமலே இருந்துவிடுவதற்காக இல்லை. எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்கு வீட்டில் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்று பிரித்துப் பார்க்கத்தான்.

சாதாரணமாக ஊமைக்காயம் ஆற எத்தனை நாள்?

ரத்தம் எங்கே கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடிபட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து, வெளியே வழியில்லாமல் ரத்தம் உள்ளேயே கசிந்து தேங்குகிறது. அதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். தோலுக்கு அடியில் மட்டும் தேங்கினால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தடம் மறையும். சதைக்குள் என்றால், லேசான அடி ஒன்றிலிருந்து மூன்று வாரம். காலை ஊன்ற முடியாத அளவுக்குத் தொடையில் பலமான அடி பட்டிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம். விலாவில் பட்டது இரண்டு முதல் ஆறு வாரம். எலும்பே கன்றிப்போனால் மாதக் கணக்கு.

என்னைக் கேட்டால், நாள் கணக்கைவிட வலி போகிற போக்கைப் பார்ப்பது நல்லது. முதல் இரண்டு நாள் வலியும் வீக்கமும் கூடலாம், அது இயல்பு. மூன்றாம் நாளிலிருந்து இறங்குமுகமாக இருக்க வேண்டும். நேற்றைவிட இன்று அதிகம் என்று ஐந்தாம் நாளும் சொன்னால், காலண்டரில் இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தாலும் போய்க் காட்டுங்கள். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புகை பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் தாமதமாகத்தான் ஆறும். அதே அளவு அடி முகத்தில் பட்டால் சீக்கிரம் மறையும், முழங்காலுக்குக் கீழே பட்டால் இழுத்தடிக்கும்.

நீலமாக இருந்தது இப்போது பச்சையாகிவிட்டது. சீழ் வைக்கிறதா?

இல்லை, ஆறுகிறது. தேங்கிய ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் சிதையும்போது முதலில் பச்சை நிறமி உண்டாகும், பிறகு மஞ்சள், கடைசியில் இரும்புச்சத்து படிந்து பழுப்பு. அதனால்தான் கருநீலம், பச்சை, மஞ்சள், பழுப்பு என்று வரிசையாக மாறுகிறது. நம் தோல் நிறத்துக்கு இந்த மாற்றம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது, இருட்டாக ஒரு திட்டு மட்டும் இருக்கும். அப்போது தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மெதுவாக அழுத்தினால் கல் மாதிரி இருந்தது நாளாக ஆக இளகுகிறதா என்று பாருங்கள். சீழ் என்றால் அந்த இடம் சுடும், சிவந்து பரவும், காய்ச்சலும் சேரும்.

இன்னொன்று. இடுப்பில் பட்ட அடி நான்கு நாள் கழித்து முழங்கால் பக்கம் நீலமாகத் தெரியலாம். புதிதாக எதுவும் ஆகிவிடவில்லை, தேங்கிய ரத்தம் கீழே இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் வலி உயிர் போகிறது. எப்படி?

எலும்பு உடையாமல் உள்ளே மட்டும் நசுங்கி ரத்தம் கசிந்திருக்கலாம். எக்ஸ்ரே அதைக் காட்டாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ஹவுசிங் போர்டு மாடிப்படியில் சறுக்கி முட்டி மோதினால், பைக்கோடு சாய்ந்து கணுக்கால் அடியில் மாட்டினால் இது நடக்கும். ஒன்றிரண்டு மாதம் சாதாரணம், சிலருக்கு ஆறு மாதத்துக்கு மேலும் இழுக்கும். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவைப்படாது. பத்துப் பதினைந்து நாள் கழித்தும் கால் ஊன்ற முடியவில்லை என்றால் மருத்துவர் எழுதித் தருவார். முதலில் தெரியாத மயிரிழை விரிசல், இரண்டு வாரம் கழித்து எடுக்கும் இரண்டாவது எக்ஸ்ரேயில் தெரிவதும் உண்டு.

விலாவில் அடி. இறுக்கிக் கட்டிக்கொள்ளலாமா?

கூடாது. நெஞ்சைச் சுற்றித் துணியோ பெல்ட்டோ இறுக்கினால் மூச்சு மேலாகவே போகும், சளி தேங்கி நிமோனியா வரலாம். மணிக்கு ஒரு தடவையாவது நாலைந்து முறை ஆழமாக மூச்சு இழுத்து விடுங்கள். இருமல் வந்தால் தலையணையை அந்த இடத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். மூச்சு வாங்கினாலோ, இருமும்போது ரத்தம் வந்தாலோ உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான்.

ஐஸா, ஒத்தடமா? எங்கள் ஆயா புளிப் பத்து போடச் சொல்கிறார்.

முதல் 48 மணி நேரம் ஐஸ். உடைந்த குழாய்கள் சுருங்கி, கசிவு குறையும். காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீன் கூடையிலிருந்து எடுத்த ஐஸ் கட்டியை அப்படியே தோலில் வைத்து அரைமணி நேரம் அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தோல் வெந்து கொப்புளம் போட்டுவிடும். ஈரத்துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் விட்டுத் திரும்ப வையுங்கள். கை, கால் என்றால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கலாம். கிரேப் பேண்டேஜ் சுற்றலாம், விரல் மரத்துப்போகாத அளவுக்கு.

ஆயா சொல்வதில் தப்பு எதுவும் இல்லை, நேரம்தான் முக்கியம். புளியையும் கல்லுப்பையும் கரைத்துக் கொதிக்கவைத்து, பொறுக்கும் சூட்டில் பூசுவதுதானே பத்து? முதல் இரண்டு நாள் அந்தச் சூடு ரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு, தோல் கிழியாமல் இருந்தால், வெந்நீர் ஒத்தடம் தருகிற இதத்தை அதுவும் தரும். சுண்ணாம்பு கலந்த பத்து மட்டும் வேண்டாம், தோல் பொத்துப்போகும். முதல் இரண்டு மூன்று நாள் சாராயமும் வேண்டாம். உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் என்று போகிறவர்களுக்குத்தான் மறுநாள் வீக்கம் இரண்டு மடங்காகிறது.

பையன் பந்து விளையாடும்போது தொடையில் முட்டி இடித்துவிட்டது. சுளுக்கு வழித்து எண்ணெய் போட்டு உருவிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். வியாசர்பாடியில் பந்தாடும் பிள்ளைகளுக்கு இந்த அடி சகஜம். எதிராளியின் முட்டி தொடையின் முன்சதையில் ஏறும், சதை எலும்போடு நசுங்கி உள்ளே ரத்தம் கட்டும். அந்த நேரத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் கசிவு திரும்ப ஆரம்பிக்கும். அதைவிட மோசம், நசுங்கிய சதைக்குள் சுண்ணாம்புச்சத்து படிந்து எலும்பாகவே மாறும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆரம்பத்தில் உருவுவதும் சூடு வைப்பதும் சீக்கிரமே ஓடவிடுவதும் அதற்கு வழிவிடும். மூன்று நான்கு வாரம் ஆகியும் தொடையில் கெட்டியான ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டு, முட்டியை மடக்க முடியாமல் இருந்தால் அதுவாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அது அடங்க மாதக்கணக்கில் ஆகும்.

அடிபட்ட அன்றே முட்டியை வலி பொறுக்கும் அளவுக்கு மடக்கி வைத்து ஐஸ் வைப்பது நல்லது. நீட்டியே வைத்தால் சதை இறுகிப்போகும். புத்தூர் கட்டுக்குப் போவதானாலும், எக்ஸ்ரே எடுத்து உடைவு இல்லை என்று தெரிந்த பிறகு போங்கள்.

அவசரமான ஒன்று: கெண்டைக்காலிலோ முன்கையிலோ அடிபட்டு, சில மணி நேரத்தில் அந்த இடம் விறைத்து, மாத்திரைக்கும் அடங்காத வலி ஏறி, விரலை நீட்டினாலே துடித்து, மரத்தும் போகிறது என்றால் உள்ளே அழுத்தம் ஏறிச் சதைக்கு ரத்தம் போகவில்லை என்று பொருள். துறைமுகத்தில் பாரம் விழுந்தவர்களிடம் இது நடக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காலே போய்விடும்.

வயிற்றில் அடி, மேலே தடமே இல்லை. பயப்பட வேண்டுமா?

வயிறு ஏமாற்றும். தோலில் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். இடது விலாவுக்குக் கீழே அடிபட்டு, இடது தோள்பட்டை காரணமில்லாமல் வலித்தால் மண்ணீரலில் கசிவு என்று சந்தேகிக்க வேண்டும். தலைசுற்றல், குப்பென்று வியர்வை, வேகமான நாடித் துடிப்பு, வயிறு உப்பிக் கெட்டியாவது, சிறுநீரில் ரத்தம் எல்லாமே 108-ஐ அழைக்கும் காரணங்கள். குழந்தைகள் சைக்கிளிலிருந்து விழும்போது ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தினால், நாணயம் அளவு ஒரு வட்டத் தடம்தான் இருக்கும். அன்று இரவுவரை விளையாடிவிட்டு மறுநாள் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள்.

இப்போதெல்லாம் இந்தக் கிழிசல்கள் நிறைய அறுவை சிகிச்சை இல்லாமலே, படுக்கையில் வைத்துக் கவனித்தே ஆற்றப்படுகின்றன. ஆனால் வலி போன பிறகும் உள்ளே தழும்பு உறுதியாக நாளாகும். இரண்டு மூன்று மாதம் பந்தாட்டம், பாக்சிங், மூட்டை தூக்குவது கூடாது என்று மருத்துவர் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் ஐந்து மாதம். இடித்துக்கொண்டால் ஆற வழக்கத்தைவிட அதிக நாள் ஆகுமா?

கை, கால், தொடை, முதுகு என்றால் அதே கணக்குதான். கர்ப்பம் ஆறுவதைத் தாமதப்படுத்தாது. கர்ப்பத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, சின்னக் குழாய்கள் விரிந்திருக்கும். அதனால் லேசாக இடித்தாலே நீலம் தெரியலாம், கொஞ்சம் பெரிதாகவும் தெரியலாம். வயிற்றில் பட்ட அடிக்கு மட்டும் கணக்கே வேறு. அங்கே எத்தனை நாளில் ஆறும் என்று கேட்பதற்கு முன், குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

அடி பம்ப் கைப்பிடி கை நழுவி அடிவயிற்றில் பட்டுவிட்டது. ஏழு மாதம். ரத்தம் எதுவும் போகவில்லை. போக வேண்டுமா?

போக வேண்டும், இன்றைக்கே. வாஷர் தேய்ந்த பம்பில் தண்ணீர் ஏறாமல் வேக வேகமாக அடிக்கும்போது, ஈரக்கையிலிருந்து கைப்பிடி நழுவி விசையோடு மேலே எகிறும். அது நேராக வந்து மோதுவது, எட்டிக் குடம் வைக்கிறவரின் வயிற்றில்தான். மாசமாக இருக்கிறவர் அடிக்கவே வேண்டாம், வேறு யாராவது அடிக்கட்டும் என்று நான் சொன்னால், “காலைல ஆறு மணிக்கு யாரு சிஸ்டர் இருக்கா?” என்று பதில் வரும். சரி, அடித்தால் பக்கவாட்டில் நின்று அடியுங்கள்.

ஏன் போக வேண்டும் என்பதைச் சொல்கிறேன். கர்ப்பப்பைச் சுவர் நெளிந்து கொடுக்கும், அதன்மேல் ஒட்டியிருக்கும் நச்சுக்கொடி அப்படி நெளியாது. பலூனை அமுக்கினால் அதன்மேல் ஒட்டிய ஸ்டிக்கர் ஓரத்தில் பெயருமே, அதுபோல அடியின் அதிர்ச்சியில் நச்சுக்கொடி சுவரிலிருந்து பிரியலாம். பின்பக்கமாக உட்கார்ந்தபடி விழுந்தாலும், பஸ் சடன் பிரேக் போட்டதில் கம்பியில் மோதினாலும் இப்படி ஆகலாம். பிரிந்த இடத்தில் ரத்தம் கட்டும். அது வெளியே வரலாம், வராமல் பின்னாலேயே தேங்கியும் நிற்கலாம். ரத்தப்போக்கு இல்லை என்பதை வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு செய்ய முடியாததற்கு இதுவே காரணம். வயிற்றில் தோல் கன்றியிருக்கிறதா என்பதும் எதையும் சொல்லாது.

கவனிக்க வேண்டியவை: வயிறு விட்டு விட்டு இறுகுவது அல்லது இளகாமல் கட்டையாகவே இருப்பது, புதிதாக வரும் முதுகுவலி, ரத்தமோ தண்ணீரோ படுவது, குழந்தையின் அசைவு குறைவது, மயக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆட்டோ தேடிக்கொண்டு நிற்காமல் 108. படுக்கும்போது இடதுபக்கமாகப் படுக்கவைத்துக் கூட்டிப்போங்கள். மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும்.

அங்கே போனால் என்ன செய்வார்கள்? ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்களா?

ஸ்கேனில் நார்மல் என்று வந்ததும் கிளம்பிவிட வேண்டாம். நச்சுக்கொடி பிரிவது ஸ்கேனில் பாதிக்குப் பாதி தெரியாமலே போகும். ஆறு மாதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால், வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பையும் வயிறு இறுகுவதையும் தாளில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். குறைந்தது நான்கு மணி நேரம். வயிறு அடிக்கடி இறுகினாலோ வலியோ ரத்தமோ இருந்தாலோ 24 மணி நேரம் படுக்கவைப்பார்கள், ஏனென்றால் சிக்கல் வருவதானால் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் எந்நேரமும் பார்ப்பார்கள். உடம்பின் மற்ற இடங்களிலும் பலத்த அடி என்றால் ஸ்டான்லிக்குப் போவது நல்லது. போகும்போது தாய்-சேய் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். ரத்த வகையும் வாரக் கணக்கும் அதில் இருக்கும்.

உங்கள் ரத்த வகையில் நெகட்டிவ் இருந்தால், கட்டாயம் வாயைத் திறந்து சொல்லுங்கள். குழந்தையின் ரத்தம் கொஞ்சம் உங்கள் ரத்தத்தில் கலந்திருந்தாலும் பிரச்சினை வரும், இந்தக் குழந்தையைவிட அடுத்த குழந்தைக்கு அதிகம். அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

எனக்கு இரண்டு மாதம்தான். விழுந்துவிட்டேன். கலைந்துவிடுமா?

முதல் மூன்று மாதம் கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே இருக்கும். சாதாரணமாக வழுக்கி விழுவது அதைத் தொடுவதே அரிது. அந்த மாதங்களில் கலைவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவின் குரோமோசோம் குறைபாடுகள். நீங்கள் படியில் தடுக்கியதோ குடம் தூக்கியதோ இல்லை. யாராவது “நீ ஓடியாடினதாலதான்” என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ரத்தம் பட்டாலோ வலித்தாலோ போய்ப் பாருங்கள்.

அடியே படவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ரத்தக்கட்டு இருக்கிறது என்கிறார்கள். எத்தனை நாளில் கரையும்?

கருப்பைச் சுவருக்கும் குழந்தையைச் சுற்றியுள்ள உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து தேங்குவது இது. ஆரம்ப மாத ஸ்கேனில் அடிக்கடி பார்ப்பதுதான். சின்னது பெரும்பாலும் சில வாரங்களில் உறிஞ்சப்பட்டுவிடும், ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கும்போது பலருக்குக் காணாமல் போயிருக்கும். இடையில் பழுப்பாகக் கொஞ்சம் படலாம், அது பழைய ரத்தம் வடிவது. பளிச்சென்று சிவப்பாக, வலியோடு, மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவு போனால் உடனே கிளம்புங்கள்.

கட்டு எவ்வளவு பெரியது, எத்தனையாவது வாரத்தில் தெரிந்தது என்பதை வைத்துத்தான் அதன் தீவிரத்தைச் சொல்ல முடியும். குழந்தையின் இதயத் துடிப்பு தெரிந்து, கட்டு சின்னதாக இருந்தால் நிறையப் பேர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். மூன்று மாதம் கட்டிலைவிட்டு இறங்காமல் படுத்தே இருந்தால் இது சீக்கிரம் கரையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படியே படுத்துக் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். பாரம் தூக்காமல், தாம்பத்தியத்தைத் தள்ளிவைத்து, வீட்டுக்குள் நடமாடிக்கொண்டு இருந்தால் போதும் என்பார்கள். சொன்ன தேதியில் மறு ஸ்கேனுக்குப் போங்கள்.

குழந்தை உதைத்து உதைத்து விலாவுக்குள் கன்றிப்போனது போல வலிக்கிறது.

எட்டாம் மாதத்துக்கு மேல் இந்தப் புகார் நிறைய வரும். கர்ப்பப்பை மேலே ஏறி விலாவைத் தள்ளுகிறது, அங்கேயே ஒரு குட்டிக் காலும் இருக்கிறது. வலிக்காமல் என்ன செய்யும்? நிமிர்ந்து உட்காருங்கள், பக்கம் மாற்றிப் படுங்கள், பிரசவத்தோடு போய்விடும். ஆனால் வலது விலாவுக்குக் கீழே விடாத வலி, கூடவே தலைவலி, கண் மங்குவது, வாந்தி, முகவீக்கம் என்றால் உதையில் வந்த வலி என்று விட்டுவிடாதீர்கள். பிரஷர் ஏறிக் கல்லீரல் பாதிக்கும்போது அங்கேதான் வலிக்கும். அன்றே பிரஷர் பார்த்தாக வேண்டும்.

கெண்டைக்காலில் அடிபட்ட மாதிரி வலி, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. தைலம் தேய்க்கலாமா?

எங்கே இடித்தோம் என்று நினைவில்லாமல் ஒரு கால் மட்டும், அதுவும் இடது கால், வீங்கிச் சுட்டால் முதலில் ரத்தக் குழாயில் உறைகட்டியைச் சந்தேகிக்க வேண்டும். கர்ப்பத்திலும், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்திலும் அதற்கு வாய்ப்பு அதிகம். தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் மறுபேச்சு.

வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் எது வாங்கலாம்?

கர்ப்பிணிக்கு பாராசிட்டமால் மட்டும். 500 மில்லிகிராம், தேவைப்பட்டால் ஆறு மணி நேர இடைவெளியில், இரண்டு நாளுக்கு மேல் வேண்டியிருந்தால் மருத்துவரைக் கேட்டு. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் மாத்திரைகளும் “ஒரே ஊசியில வலி போயிடும்” என்று போடும் டைக்ளோ ஊசியும் வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு முக்கியமான குழாயை முன்கூட்டியே மூடவும் செய்யலாம். கடையில் மாத்திரை கேட்கும்போதே “மாசமா இருக்காங்க” என்று சொல்லிவிடுங்கள். பிரஷர் வராமலிருக்க மருத்துவர் எழுதிக் கொடுத்த சின்ன அளவு ஆஸ்பிரின் வேறு விஷயம், அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. வலித் தைலம் பலவற்றில் ஆஸ்பிரின் குடும்பத்து மருந்துதான் இருக்கிறது, முதுகு முழுக்கப் பூசிக்கொள்ள வேண்டாம்.

எக்ஸ்ரே பயமும் நிறையப் பேருக்கு உண்டு. கை, கால், நெஞ்சு எக்ஸ்ரேயில் வயிற்றுக் குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு மிகமிகக் குறைவு. தாய்க்கு அவசியம் என்றால் எடுத்தே ஆக வேண்டும்.

எங்கும் இடிக்கவே இல்லை, உடம்பெல்லாம் நீலத் திட்டு. ஏன்?

முதலில் காய்ச்சல் இருந்ததா என்று பாருங்கள். மழைக்காலத்தில், தண்ணீர் தேங்கும் நம் தெருக்களில், காய்ச்சலோடு ஊமைக்காயம் மாதிரித் திட்டோ, சிவப்புப் புள்ளிகளோ, பல் ஈறில் ரத்தமோ வந்தால் டெங்குவில் பிளேட்லெட் இறங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் பிளேட்லெட் லேசாகக் குறைவது இயல்பு. ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் ஏன் என்று பார்ப்பார்கள். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

வீட்டில் அடித்துவிட்டார். விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்லப்போகிறேன். தெரிந்துவிடுமா?

பெரும்பாலும் தெரிந்துவிடும். விழுகிறவர்களுக்கு முட்டி, உள்ளங்கை, முழங்கையில் படும். முன்கையின் வெளிப்புறம், தோளுக்குக் கீழே உள்பக்கம், கழுத்து, வயிறு, முதுகு என்று வெவ்வேறு நாளில் பட்ட தடங்கள் இருந்தால் பார்க்கிறவருக்குப் புரியும். ஆனால் புரிந்ததும் உங்களைக் கேட்காமல் கணவரைக் கூப்பிட்டுத் திட்டப்போவதில்லை. தனியாகப் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், மாமியாரையோ அவரையோ வெளியே நிற்கச் சொல்வார்கள். வயிற்றில் உதைபட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள், மேலே சொன்ன நான்கு மணி நேரக் கண்காணிப்பு உங்களுக்கு வேண்டும். 181 பெண்களுக்கான உதவி எண், நாள் முழுக்க எடுப்பார்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அந்த வீட்டிலேயே தங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். போட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேட்டில் காயத்தை எழுதிவைப்பது. சாலை விபத்து, அடிதடி என்றால் எழுதுவார்கள், காவல் நிலையத்துக்கும் தகவல் போகும். அதற்காகச் சிகிச்சை நிற்காது. இன்ஷூரன்ஸோ இழப்பீடோ கேட்கும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி உரசிவிட்டுப் போன பிறகு, “லேசான அடிதான்” என்று வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் வருகிறவர்களுக்குத் தேதியே பிரச்சினையாகிவிடுகிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாமல் பெறலாம். கூட்டிக்கொண்டு வந்தவர் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

எங்கள் நைனா பாத்ரூமில் விழுந்து தலையில் இடித்தார். அன்றைக்கு நன்றாக இருந்தார். மூன்று வாரம் கழித்துத் தடுமாறுகிறார்.

உடனே தலை ஸ்கேன் எடுங்கள். வயதானவர்களுக்கு மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் கட்டும். இதய மாத்திரையாக குளோபிடோகிரெல், வார்ஃபரின், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும். மறதி, ஒரு காலை இழுத்து நடப்பது, ஓயாத தூக்கம் இதெல்லாம் வயசு கோளாறு என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் சின்னத் துளையிட்டு வடித்துவிட முடியும், நிறையப் பேர் பழையபடி எழுந்து நடக்கிறார்கள்.

எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் வலி பொறுக்கும் நாளில் போகலாம். கூடை தூக்குகிறவர், மூட்டை இறக்குகிறவர், படகில் வலை இழுக்கிறவர் என்றால் அடிபட்ட பக்கமும் நல்ல பக்கமும் ஒரே மாதிரி மடங்கி நீளும்வரை பொறுக்க வேண்டும். தினக்கூலிக்கு அது கஷ்டம், தெரியும். பாதிப் பாரத்தில் ஆரம்பித்து, மறுநாள் காலையில் வீக்கம் கூடாமல் இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். கூடியிருந்தால் இரண்டு நாள் பின்வாங்குங்கள். கர்ப்பிணி என்றால், வயிற்றில் அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகும் ஒரு வாரத்துக்குக் குழந்தையின் அசைவைத் தினமும் கவனியுங்கள். சாப்பிட்டதும் இடதுபக்கம் படுத்து எண்ணுங்கள், இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு இருக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றினால், நள்ளிரவானாலும் போங்கள். ஒன்றுமில்லை என்று அவர்கள் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. அதற்காக யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை. திட்டினாலும் போங்கள்.